அவ்வை சண்முகம்: முப்பது வயதில் பாட்டியாக மாறிய நாடகக்காரர்

தமிழ்ப்பள்ளிகளில் மாறுவேடப் போட்டி என்றால் ஓர் ஔவையாராவது மேடை ஏறாமல் இருப்பதில்லை. வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு கோல், தலைமுடி வெளுக்க அப்பிய முகப்பவுடர். கோத்தா திங்கி பட்டணத்துப் பள்ளியானாலும் உள்ளே இருக்கும் தோட்டப் பள்ளியானாலும் இதில் வேறுபாடு கிடையாது. ஆத்திசூடி பாடிய பாட்டி இப்படித்தான் இருந்திருப்பார் என்பது தமிழர் மனத்தில் உறுதியாகிவிட்டது.

அந்த உருவத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனது 1953-இல் வெளிவந்த ஜெமினியின் 'ஔவையார்' படம். கே.பி.சுந்தராம்பாள் அதில் ஔவையாராக நடித்தார். ஆனால் அந்தப் படத்துக்குப் பத்தாண்டுகள் முன்பே தமிழ்நாட்டு மேடைகளில் ஔவையார் நடமாடிக்கொண்டிருந்தார். அவர் பெண் அல்லர். பாட்டி வயதும் இல்லை. முப்பது வயதை ஒட்டிய ஓர் ஆண். டி.கே.சண்முகம் என்ற பெயர் போய், கடைசி வரை அவ்வை சண்முகம் என்றே அவர் அழைக்கப்பட்டார்.

சண்முகம் 1912 ஏப்ரல் 26-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். தந்தை கண்ணுசாமிப் பிள்ளை நாடக நடிகர், அதிலும் பெண் வேடம் போடுபவர். அந்தக் காலத்தில் அதை ஸ்திரீபார்ட் என்பார்கள். பெண்கள் மேடையேறுவது அரிதாக இருந்த நாளில், நாடகத்தின் பாதிச் சுமை ஸ்திரீபார்ட் நடிகரின் தோளில்தான் இருந்தது. தாயையும் மனைவியையும் மகளையும் ஆண்களே நடித்தார்கள். இன்று தொலைக்காட்சி நகைச்சுவையில் ஆண் சேலை கட்டினால் சிரிப்புக்கு என்றே ஆகிவிட்டது. அன்று அப்படி இல்லை. சந்திரமதி சுடுகாட்டில் அழுதால் கொட்டகையும் சேர்ந்து அழுதது. அழுகிறவர் ஆண் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

1918-இல் மதுரையில் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சிறுவர்களை மட்டும் வைத்து நடத்தும் நாடகக் குழு. பாய்ஸ் கம்பெனி என்று மக்கள் சொல்வார்கள். கண்ணுசாமிப் பிள்ளை தம் பிள்ளைகளோடு அதில் சேர்ந்தார். சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. சங்கரன், முத்துசாமி இருவரும் அண்ணன்மார், பகவதி தம்பி. பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்ற நால்வர் இவர்களே.

பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை சொகுசானதன்று. ஓர் ஊரில் கொட்டகை போட்டுச் சில மாதம், பிறகு மூட்டை முடிச்சோடு அடுத்த ஊர். விடிய விடிய நாடகம். பகலில் பாடமும் பாட்டும். பிள்ளைகள் பெற்றோரை விட்டுப் பிரிந்து கம்பெனி வீட்டிலேயே உண்டு உறங்கினார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும்போதுதான் பெரிய சோதனை. மகரக்கட்டு என்று அதைச் சொல்வார்கள். நேற்று வரை ராஜபார்ட்டாக இருந்தவன் குரல் உடைந்த மறுநாள் கூட்டத்தில் ஒருவனாக நிற்க நேரும். பாட்டே நாடகம் என்றிருந்த காலம் அது.

அந்தப் பிள்ளைகளின் முகத்தில் பூசப்பட்டது அரிதாரம். மேடை ஒப்பனைக்கே அரிதாரம் பூசுதல் என்று பெயர் வந்தது இந்தப் பொருளால்தான். மஞ்சள் நிறக் கனிமம். கந்தகமும் ஆர்செனிக் என்னும் பாடாணமும் சேர்ந்தது. தெளிவாகச் சொன்னால் நஞ்சு. கல்லில் இழைத்துக் குழைத்துப் பூசினால் முகம் பொன் போல மின்னும். மின்சாரம் வராத ஊர்களில், கேஸ் விளக்கின் வெளிச்சத்தில், கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் முகம் தெரிய வேண்டுமானால் அந்த மினுக்கம் தேவைப்பட்டது. அதோடு முத்துவெள்ளை, செந்தூரம், எண்ணெயில் குழைத்த கரி. இராமனுக்கும் கண்ணனுக்கும் நீலம், எமனுக்கும் சனீஸ்வரனுக்கும் கருப்பு. விடிந்ததும் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைக்க வேண்டும். ஒழுங்காகத் துடைக்காவிட்டால் தோல் எரியும், கொப்புளிக்கும். அடுத்த இரவு அந்தப் புண்ணின் மேலேயே மீண்டும் பூச்சு ஏறும்.

சங்கரதாஸ் சுவாமிகள் ஏன் நடிப்பை விட்டு ஆசிரியரானார் என்பதற்கு நாடக உலகில் ஒரு செய்தி உண்டு. சண்முகமே தம் குருவைப் பற்றி எழுதும்போது அதைப் பதிவு செய்திருக்கிறார். சுவாமிகள் இளமையில் எமன், இராவணன், சனீஸ்வரன் போன்ற வேடங்களில் பெயர் பெற்றவர். ஒருமுறை விடிய விடிய நளதமயந்தி நாடகம் நடந்தது. சனீஸ்வரன் வேடம் போட்டிருந்த சுவாமிகள் உடம்பெங்கும் பூசிய கருப்பைக் கழுவ விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனார். துணி வெளுக்க அங்கே வந்திருந்த ஒரு பெண், அரையிருட்டில் அந்த உருவத்தைக் கண்டு அஞ்சி விழுந்து உயிரிழந்தார். வேறொரு முறை சுவாமிகள் எமனாக மேடையில் தோன்றியபோது, பார்த்துக்கொண்டிருந்த கருவுற்ற பெண்ணுக்குக் கரு கலைந்தது என்றும் சொல்வார்கள். இவற்றுக்குப் பிறகு சுவாமிகள் வேடம் போடுவதை நிறுத்திக்கொண்டார். நாடகம் எழுதுவதும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதுமே அவர் வாழ்க்கையானது.

இப்படிப்பட்ட குருவிடம்தான் சண்முகம் நான்கு ஆண்டுகள் இருந்தார். வேடம் என்பது விளையாட்டில்லை, அது பார்க்கிறவரின் உயிரையே தொடும் என்ற எண்ணம் அந்தச் சிறுவனுக்கு அங்கேயே ஊறியிருக்க வேண்டும். சண்முகத்துக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. பிறகு சுவாமிகள் பக்கவாதத்தால் விழுந்தார். பாடிய வாய் பேச்சிழந்தது. 1922 நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் காலமானார். சண்முகத்துக்கு வயது பத்து.

1925-இல் சகோதரர்கள் தங்கள் சொந்தக் குழுவைத் தொடங்கினார்கள். மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபை என்பது அதன் பெயர். பதின்மூன்று வயதுப் பையனின் பெயரால் ஒரு கம்பெனி! சங்கரன் நிர்வாகம், முத்துசாமி எழுத்து, சண்முகமும் பகவதியும் நடிப்பு என்று பொறுப்புகள் பிரிந்தன. என்.எஸ்.கிருஷ்ணன், கே.ஆர்.ராமசாமி, எஸ்.வி.சகஸ்ரநாமம், எஸ்.எஸ்.ராஜேந்திரன், ஏ.பி.நாகராஜன் என்று பின்னாளில் திரையில் பெயர் போட்ட பலர் இந்தக் குழுவில் வளர்ந்தவர்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் 'மனோகரா' சண்முகத்துக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. 1935-இல் 'மேனகா' படமாக வந்தது. சகோதரர்கள் திரைக்குப் போனதும் என்.எஸ்.கிருஷ்ணன் முதன்முதலாகத் திரையில் தெரிந்ததும் அந்தப் படத்தில்தான். ஆனாலும் சண்முகம் மேடையை விடவில்லை. படம் முடிந்ததும் கொட்டகைக்கே திரும்பினார்.

1940-களின் தொடக்கத்தில் ஔவையார் நாடகம் வந்தது. எழுதியவர் பி.எத்திராஜுலு. இங்கே மலாயாவில் அவை ஜப்பானியர் ஆட்சி ஆண்டுகள்; தோட்டத் தமிழர்களைச் சயாம் மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோன காலம். தமிழ்நாட்டு நாடகச் செய்தி எதுவும் அன்று இந்தக் கரையைத் தொட்டிருக்காது.

ஔவையார் வேடத்தில் என்ன அவ்வளவு கடினம்? இளம் முகத்தில் முதுமையைக் கொண்டுவருவது மேடை ஒப்பனையிலேயே தந்திரமான வேலை. நெற்றியிலும் கண்ணோரத்திலும் கோடு இழுத்தால் போதும் என்றுதான் பழகாதவர்கள் நினைப்பார்கள். அப்படி இழுத்தால் கிட்டத்தில் கோடாகத் தெரியும், எட்டத்தில் ஒன்றுமே தெரியாது. முகத்தைச் சுருக்கிப் பார்த்து, இயல்பாக எங்கே மடிகிறதோ அங்கே மட்டும் கருமை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கருமைக்கும் பக்கத்தில் ஒரு வெளிச்சக் கோடும் வேண்டும். பள்ளமும் மேடும் சேர்ந்தால்தான் சுருக்கம். கன்னம் ஒட்டியது போலத் தெரிய எலும்புக்குக் கீழே நிழல், கழுத்து நரம்புக்கு இரு பக்கமும் நிழல், கைகளுக்கும் தனியாகப் பூச்சு. முகம் எழுபது வயதும் கை முப்பது வயதுமாக இருந்தால் பார்ப்பவர் நம்பமாட்டார்.

இவையெல்லாம் வண்ணத்தால் முடியும். வண்ணத்தால் முடியாத ஒன்று வாய். பல் போன கிழவியின் உதடு உள்ளே மடிந்து, தாடை சற்று மேலேறி, மூக்கும் முகவாயும் நெருங்கி வரும். பல்லில் கருப்புப் பூசி மறைக்கும் வழக்கம் உண்டு. தொலைவில் ஓட்டை போலத் தெரியும். ஆனால் உதடு மடியாது. பேசும்போது பல் இருப்பது தெரிந்துவிடும்.

சண்முகம் பல்லையே எடுத்துவிட்டார். ஔவையார் வேடத்துக்காக அவர் பற்களைப் பிடுங்கிக்கொண்டார் என்பது தமிழ் நாடக உலகம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. அவர் ஔவையாராக மட்டும் நடித்துக் காலம் தள்ளும் நடிகர் அல்லர். குழுவின் முதன்மை நடிகர். இளவரசனாகவும் காதலனாகவும் மேடையேற வேண்டியவர். பாட்டும் வசனமும் அவர் பிழைப்பு. பல் போனால் சொல் குழறும். ஔவையார் நாடகத்திலோ வெண்பாவுக்கு வெண்பா தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கேட்பவருக்கு ஒவ்வொரு சீரும் விளங்க வேண்டும், ஆனால் கிழவியின் வாயிலிருந்து வருவது போலவும் இருக்க வேண்டும். ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று நழுவும். நடுவயதைக்கூட எட்டாத ஒருவர் அதற்காகத் தம் முகத்தையும் குரலையும் பணயம் வைத்தார்.

ஆனால் பல் கதையே பெரிதாகிப்போய், அவருடைய மற்ற உழைப்பு பின்னுக்குத் தள்ளப்பட்டதும் நடந்தது. பல் எடுத்தவரெல்லாம் பாட்டியாகிவிட முடியாது. முதுகு எவ்வளவு வளைய வேண்டும், கோலை எந்தக் கையில் பிடிக்க வேண்டும், உட்கார்ந்து எழும்போது எது முதலில் அசைய வேண்டும் என்று ஒவ்வொன்றும் பயின்று வர வேண்டியவை. மூன்று நான்கு மணி நேரம் கூன் போட்டு நடித்துவிட்டு, மறுநாள் நிமிர்ந்த மார்போடு வேறு நாடகத்தில் அரசனாக நிற்பது உடம்புக்கு எளிதன்று. இதைப் பேசுகிறவர்கள் குறைவு.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். ஔவையார் மேடையேறிய காலத்தில் பெண்கள் நாடகத்துக்கு வந்துவிட்டார்கள். இவர்கள் குழுவிலேயே எம்.எஸ்.திரௌபதி போன்ற நடிகைகள் இருந்தார்கள். ஆண் பெண் வேடம் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்துகொண்டிருந்தது. ஸ்திரீபார்ட் தந்தைக்குப் பிறந்த மகன், அந்த மரபு முடிகிற நேரத்தில் அதன் உச்சத்தைத் தொட்டார் என்று சொன்னால் தவறில்லை.

திரையில் ஔவையாரான கே.பி.சுந்தராம்பாளின் கதையோ இதற்கு நேர்மாறு. அவர் 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக, ஆண் வேடத்தில் நடித்தவர். அதற்கு அவர் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் அன்று ஊரெங்கும் பேச்சு. கணவர் எஸ்.ஜி.கிட்டப்பா 1933-இல் மறைந்தபின் வெள்ளைச் சேலையும் திருநீறுமே அவருடைய அன்றாடக் கோலமாகியிருந்தது. ஔவையார் வேடத்துக்காக அவர் பெரிதாக மாற வேண்டியிருக்கவில்லை. சண்முகத்துக்கு அப்படியில்லை. மேடைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அந்தப் பாட்டியை அடி முதல் நுனி வரை உருவாக்க வேண்டியிருந்தது.

1944 பிப்ரவரியில் ஈரோட்டில் தமிழ் நாடகத்துக்கென ஒரு மாநாட்டை டி.கே.எஸ். சகோதரர்கள் கூட்டினார்கள். நாடகக்காரன் என்றால் வீடு வாடகைக்குக் கொடுக்கத் தயங்கிய காலத்தில், நடிகர்களும் எழுத்தாளர்களும் தமிழறிஞர்களும் ஒரே பந்தலில் உட்கார்ந்தார்கள். சண்முகம் குடித்துக் கூத்தடிக்கும் நாடகக்காரர் என்ற பெயரைத் துடைக்கவே வாழ்நாள் முழுதும் பாடுபட்டார். குழுவில் கட்டுப்பாடு கடுமை. ஒப்பனை அறையில் வீண்பேச்சுக்கு இடமில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர் மறையாமல் இருக்க அவர் எடுத்த முயற்சிகளும் பல. மதுரைத் தமுக்கத்தில் சுவாமிகளுக்குச் சிலை எழுந்ததில் அவருடைய உழைப்பு உண்டு.

மலாயாத் தோட்டங்களிலும் நாடகம் இருந்தது. மாரியம்மன் திருவிழா இரவுகளில் பால்மரம் வெட்டும் தொழிலாளர்களே அரிச்சந்திரனாகவும் வள்ளியாகவும் மாறினார்கள். அங்கே அரிதாரம் கிடைக்காது. முகப்பவுடரும் குங்குமமும் கண்மையும்தான். மீசைக்கு அடுப்புக்கரி. சந்திரமதிக்கு வேண்டிய சேலை யாராவது ஓர் அக்காவிடம் இரவல். விடியற்காலை பிரட்டுக்கு நிற்கும்போது காது மடலில் செந்தூரம் ஒட்டியிருந்தால், அன்று முழுக்க அவருக்கு அந்த வேடத்தின் பெயர்தான். ஜொகூரிலும் மற்ற மாநிலங்களிலும் அந்த மேடைகளைப் பார்த்து வளர்ந்த மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பாடிய பாட்டுகளில் பல சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்தவை.

இந்நாட்டு ரசிகர்கள் சண்முகத்தின் முகத்தைத் திரையில் நன்றாகப் பார்த்தது 1961-இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில். சிவாஜி கணேசன் வ.உ.சியாகவும், எஸ்.வி.சுப்பையா பாரதியாராகவும் நடிக்க, சண்முகம் சுப்பிரமணிய சிவா ஆனார். சிறையில் தொழுநோய் பற்றிய சிவாவாக அவர் வரும் காட்சிகளைப் பார்த்தவர் மறப்பதில்லை. அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையை என்றோ விட்டுவிட்ட ஒரு நடிகரால்தான் அப்படித் தம் முகத்தைக் கொடுக்க முடியும். தம்பி பகவதியோ 'சம்பூர்ண இராமாயணம்' படத்தில் வீணை மீட்டும் இராவணனாக நிலைத்துவிட்டார்.

முதுமையை நெருங்கிய நாளில் சண்முகத்தின் குழுவுக்கு ஒரு சிறுவன் வந்து சேர்ந்தான். 'களத்தூர் கண்ணம்மா' படத்தில் குழந்தையாக நடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் நின்ற கமல்ஹாசன். மேடைப் பழக்கம் அங்கே அவருக்குக் கிடைத்தது. 1996-இல் கமல் ஒரு மாமியாக வேடம் போட்ட படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயர் வைத்தது இந்த ஆசிரியரை நினைத்துத்தான். அந்த ஒப்பனையைச் செய்தவர் ஆஸ்கார் விருது பெற்ற அமெரிக்கர் மைக்கேல் வெஸ்ட்மோர். ரப்பரில் செய்த கன்னமும் மோவாயும் முகத்தில் ஒட்டப்பட்டன. படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம். கைதட்டிப் பார்த்த இளைஞர்களில் பலருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

விருதுகள் வந்தன. சங்கீத நாடக அகாதமி விருதும் பத்மஸ்ரீயும் அவற்றில் சேரும். சென்னை கோபாலபுரம், இராயப்பேட்டை வழியாகப் போகும் லாயிட்ஸ் சாலைக்கு இப்போது அவ்வை சண்முகம் சாலை என்று பெயர். தம் அனுபவங்களை 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூலாக அவர் எழுதி வைத்தார். தமிழ் நாடகத்தின் அரை நூற்றாண்டை அறிய அதைவிட நல்ல நூல் கிடைப்பது கடினம்.

ஔவையாருக்கு அடுத்து அவருக்குப் பெரும் பெயர் தந்தது 'இராஜராஜ சோழன்'. அரு.ராமநாதன் எழுதிய அந்த நாடகத்தில் சண்முகமே சோழப் பேரரசர். கூன் விழுந்த பாட்டியாகக் கண்ட அதே மனிதரை மக்கள் தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய மன்னராகவும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த நாடகம் பின்னர் சினிமாஸ்கோப் படமானது. இயக்கியவர் ஏ.பி.நாகராஜன். சிறுவனாக இதே குழுவில் சேலை கட்டிப் பெண் வேடம் போட்டவர் அவர். மன்னர் வேடம் திரையில் சிவாஜி கணேசனுக்குப் போனது. படம் 1973 மார்ச் 31-ஆம் நாள் வெளிவந்தது. சண்முகம் அதைக் கொட்டகையில் உட்கார்ந்து பார்க்கவில்லை. அவர் அதே ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாளே காலமாகியிருந்தார். வயது அறுபது.